சாயும் தூக்குக்குண்டு

“மேஸ்திரி, செவுரு ஏரிப் பக்கமா சாஞ்சிகினு கீது,” என்றாள் சித்தாள் கண்ணம்மா.

“தூக்குக்குண்டு புடிச்சிதானே கட்னேன்?” என்றார் கிருபாகரன்.

அவர் மகள் மோகனப்பிரியா திருநின்றவூர் ஏரியில் மூழ்கிப்போயிருந்தாள். தீயணைப்புக்காரர்கள் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று படகைக் கரையேற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கட்டிய முதல் சுவர் இது.

கண்ணம்மா குண்டை வாங்கிச் சுவரோரம் தொங்கவிட்டாள். நூல் நேராக நின்றது. கிருபாகரன் வாங்கிப் பிடித்தார். காற்றே இல்லை. குண்டு மெல்ல ஏரிப் பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றது.

பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மகள் ஒருநாள் அவருக்குச் சொல்லியிருந்தாள். “எடை கீற எதுவும் இன்னொண்ண இழுத்துகினேதான் இருக்கும் நைனா. நான்கூட உன்ன இழுக்கிறேன். ரொம்பக் கம்மி, அதான் உனக்குத் தெரில.”

நூலைப் பிடித்தபடி அது சாய்ந்த பக்கமே நடந்தார். ஏரிக்குள் இறங்கினார். மார்பளவுத் தண்ணீரில் நூல் நேரானது.

“மேல வா மேஸ்திரி!” என்று கரையிலிருந்து கண்ணம்மா கத்தினாள்.

அவர் குண்டை மேலே இழுத்தார். அரைக்கிலோ இரும்பு அசையவில்லை. நூலை இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தார். கைகள்தான் தண்ணீருக்குள் இறங்கின.