இடது கைத் தாளம்

யோசுவா மாஸ்டர் அடுத்த தாளை எடுத்து மனைவியின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த செல்லபாய் கண்ணை மூடினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

நியாயம்தான். டிரம்பெட் பகுதியில் புள்ளிகள் ஐந்து கோட்டையும் தாண்டி உச்சாணியில் போய் உட்கார்ந்திருந்தன. அந்த உயரத்தில், பள்ளி பேண்டில் அதை ஊதும் வினீத்தின் உதடு இரண்டே நிமிடத்தில் ஓய்ந்துவிடும்.

முந்தின தாளையும் வேண்டாம் என்றிருந்தாள். அதில் டிராம்போன் குழலைக் கடைசி வரை நீட்ட வேண்டும். ஸ்வப்னாவின் சின்னக் கை அவ்வளவு தூரம் எட்டாது.

அந்தப் பிள்ளைகளைச் செல்லபாய் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் வீட்டில் வந்து சொல்வதைக் கேட்டுக் கேட்டு, யாருக்கு எது வரும், எது வராது என்பது மாஸ்டரைவிட அவளுக்குத்தான் தெரியும்.

மணி இரண்டே முக்கால். கரமனைப் பாலத்து நெரிசலில் பஸ் எவ்வளவு ஊர்ந்தாலும், நாலு மணிக்கு அவர் பிரின்சிபல் அறையில் நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும், பள்ளியின் பழைய மாணவர் ஒருவர், புதிதாகப் பழகும் பள்ளி ஜாஸ் பேண்டுகளுக்கென்று எழுதிய பாட்டுகளைக் கட்டாக அனுப்பியிருந்தார். தொண்ணூற்றெட்டு டிசம்பர் ஆண்டு விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். விழாவுக்கு ஜாஸில் இரண்டு வகைப் பாட்டு வேண்டும்: ஒரு ஸ்விங், ஒரு புளூஸ். எவை என்று மாஸ்டர் இன்று சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, ஒவ்வொன்றிலும் முதல் எட்டு பார், அதாவது எட்டுத் தாளக்கட்டு, பாடிக் காட்ட வேண்டும். புதுப் பிரின்சிபலுக்குப் பியானோ வாசிக்கத் தெரியும். அவரிடம் பூசி மெழுகவும் முடியாது.

யோசுவா மாஸ்டருக்கு அந்த ஐந்து கோட்டு நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது.

சர்ச்சில் ட, ர, ம என்று எழுத்துகளைப் பார்த்துப் பாட்டுப் படித்த ஆள் அவர். பள்ளியில் பேண்ட் மாஸ்டராக வேலைக்குச் சேர்ந்த அன்று, எல்லாம் தெரியும் என்று தலையாட்டிவிட்டார். அந்தப் பொய்யைப் பதினோரு வருஷமாகக் காப்பாற்றியவள் செல்லபாய். கோட்டில் இருப்பதை எழுத்தாக்கிக் கொடுப்பாள். முப்பது வருஷம் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவளுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் திட்டாமல் ஒரு பக்கமும் எழுதியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவே ஆர்கன் மேலேயே சரிந்தாள். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது இரண்டு கண்ணும் ஓர் இடது கையும்தான்.

மாஸ்டர் வெட்கத்தை விட்டுத் தாள்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். வேறு கதியில்லை.

புளூஸ் சீக்கிரமே கிடைத்துவிட்டது. மெதுவான பாட்டு. செல்லபாய் கண்ணை மூடாமல், கட்டில் கம்பியில் விரலால் தட்டினாள். புள்ளி ஏறுவதும் இறங்குவதும் பார்த்தாலே தெரியும். எதை எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதை விரல் சொன்னது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கடிகாரம் தோற்றுப்போகும். மாஸ்டர் முணுமுணுத்துப் பாடிப் பார்த்தார். பாதி உயிர் திரும்பி வந்தது.

ஸ்விங்தான் இழுத்தடித்தது. ஏழாவது பாட்டில் அவள் கண் மூடாமல் நின்றது.

"இதா பிள்ள? செரி, அடி."

அவள் தட்டினாள். விரல் நொண்டியது.

தாளில் எல்லாம் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய புள்ளிகள். எல்லாம் ஒரே அளவு. அந்த அளவுக்கு அவருக்கே தெரிந்தது. ஆனால் செல்லபாயின் விரல் முதலாவதில் தங்கியது, இரண்டாவதை விழுங்கியது. மறுபடியும் தங்கியது, விழுங்கியது.

அவள் விரலைப் பிடித்துச் சீராகத் தட்டிக் காட்டினார். அவள் கையை உதறிக்கொண்டு பழையபடியே நொண்டினாள். சர்ச்சில் வாராவாரம் பாடுகிற பாட்டைக் காதருகே பாடி, அதற்குத் தட்டச் சொன்னார். அவள் அதைச் சட்டை செய்யவே இல்லை. முன்னைவிடப் பலமாக நொண்டினாள்.

மாஸ்டர் பாட்டை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்த்தார். கை வெட்டி வெட்டி இழுத்தால் உடனே சொல்ல வேண்டும், இன்னொரு தடவை வாதம் வந்தால் தாங்காது என்று டாக்டர் காலையில்தான் எச்சரித்திருந்தார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் கடிகாரமாக இருந்த கை அது.

வேலை போகட்டும், மானம் போகட்டும், இவள் இருந்தால் போதும் ஆண்டவரே என்று நர்ஸைக் கூப்பிட வராந்தாவுக்கு ஓடினார்.

ஷீஜா சிஸ்டர் வந்தபோதும் விரல் நிற்கவில்லை. செல்லபாய் புருஷனை முறைத்துக்கொண்டே தட்டினாள். ஊசி ஏறியது. விரல் தளர்ந்து நின்றது. கண்ணும் மூடியது.

"பேடிக்காண்டாம் மாஷே, பயம் வேண்டாம். இனி நாளைக்குக் காலைலதான் முழிப்பாங்க."

மாஸ்டர் தரையில் சிதறிய தாள்களைப் பொறுக்கினார். ஏழாவது பாட்டின் கடைசித் தாளில், ஆசிரியரின் கவனத்துக்கு என்று ஆங்கிலத்தில் நாலு வரி இருந்தது. அதுவரை அவர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

சேர்த்துக் கட்டிய இரட்டைப் புள்ளிகள் சமமாக எழுதப்பட்டிருக்கும். அப்படி வாசிக்கக் கூடாது. முதலாவதில் தங்குங்கள், இரண்டாவதைச் சுருக்குங்கள். ஸ்விங் என்பது அதுதான்.

இன்னொரு தடவை வாசித்தார்.

அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பாட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒருக்கக்கூடி, இன்னும் ஒரே ஒருக்க அடி பிள்ள" என்று அவள் கையை எடுத்துக் கம்பிமேல் வைத்தார்.

அது நழுவிப் படுக்கையில் விழுந்தது.