பட்டனை அழுத்தாதவள்

நுகர்வோர் ஆணையத்தில் சாட்சி சொல்ல எழுந்தவளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பேரு?" ஆணையத் தலைவர் கேட்டார்.

"பெனிட்டா."

இரண்டு வருடமாக அவர் யாருக்கு எழுதிவந்தாரோ, அந்தப் பெயர் வேறு. ஒரு பாடகியின் பெயர்.

சந்தா கட்டினால் அந்தப் பாடகியே பதில் எழுதுவார் என்று ஒரு கைபேசிச் செயலி சொன்னது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அவர் நம்பினார். முதலில் பாட்டைப் பற்றி எழுதினார். பிறகு மனைவியின் நோயைப் பற்றி.

பிறகு, மனைவி போனதைப் பற்றி.

எழுதுவது பாடகி இல்லை என்று தெரிந்த பிறகுதான் நுகர்வோர் ஆணையத்துக்கு வந்தார்.

செயலி நிறுவனத்தின் வக்கீல் நிதானமாகப் பேசினார். பதில்கள் மென்பொருள் தந்தவை. மனிதர் யாரும் ஏமாற்றவில்லை. ஆகவே யார் மீதும் பொறுப்பில்லை.

ஆணையத் தலைவர் பெனிட்டாவைப் பார்த்தார். "அப்படித்தானாம்மா?"

"முக்கால்வாசி அப்படித்தான் மேடம். மெஷின் எழுதும், அங்க வேலை பாக்குற நாங்க அதை அனுப்புற பட்டனை அழுத்துவோம். ஒரு நாளைக்கு எண்ணூறு. இவரோட வீட்டம்மா இறந்த அன்னிக்கு நான் அழுத்தல."

"ஏன்?"

"'வாவ், லவ் யூ'ன்னு மெஷின் எழுதியிருந்துச்சு மேடம். அழிச்சிட்டு நானே எழுதினேன். அதுக்கப்புறம் இவருக்குப் போனது எல்லாமே நான் எழுதினதுதான். பாடகின்னு நம்ப வெச்சதும் நான்தான்."

வக்கீல் எழுந்தார். "இப்படிச் சொன்னா கம்பெனி உங்க மேலயே நடவடிக்கை எடுக்கலாம். தெரியும்ல?"

"தெரியும் சார்."

குரல் நடுங்கியது. சொன்னதில் ஒரு சொல்லையும் அவள் மாற்றவில்லை.

மழையில் கை நடுங்காமல் மின்கம்பம் ஏறியவர்களை அவருக்குத் தெரியும். நடுங்க நடுங்க ஏறியவர்களையும் தெரியும். பின்னவர்களைத்தான் அவர் எப்போதும் பெரிதாக நினைத்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. எழுதியது மெஷினோ, அமர்த்தப்பட்ட ஆளோ, பொறுப்பு நிறுவனத்துடையதுதான்.

அதற்குள் பெனிட்டாவுக்கு வேலை போயிருந்தது.

தன் வக்கீலிடம் எண் வாங்கி அவளை அழைத்தார். தீர்ப்பைச் சொல்லத்தான் அழைத்தார்.

வாயில் வந்தது வேறு. இரண்டு வருடத்தில் ஒருமுறையும் அவர் கேட்டிராதது.

"நீ எப்படிம்மா இருக்கே?"



பதிலுக்கு அவர் காத்திருந்தார்.