மாவு சிந்தாமல்

"இவனுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்லணுமோ இங்கனயே சொல்லு," என்றார் ரத்தினவேல், எதிரே உட்கார்ந்திருந்த இளைஞனைப் பார்த்துச் சிரித்தபடியே.

அகல்யாவும் சிரித்த முகமாகத்தான் பதில் சொன்னாள். "இந்தக் காலேஜ் வேணாம்ப்பா. ஜல்தி எந்திரிங்க, போலாம்."

கரோல் பாக்கில் ஒரு மாடியில், வீடியோ கேம் தயாரிக்கக் கற்றுத்தரும் தனியார் கல்லூரியின் அட்மிஷன் அறை அது. காய்கறிக்காரரோ வீட்டு புரோக்கரோ, எதிராளியை எதிரே வைத்துக்கொண்டே தமிழில் ஆலோசனை நடத்துவது டெல்லிக்கு வந்த நாளிலிருந்து ரத்தினவேலின் வழக்கம். முகத்தில் சிரிப்பு மட்டும் மாறக் கூடாது, அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

எதிரே இருந்தவன் சட்டையில் 'ஜெயந்த்' என்று பேட்ஜ் குத்தியிருந்தது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி இந்தியில் பேசினான். இங்கே படித்தவர்களில் ஒருவர்கூட வேலையில்லாமல் இல்லை என்றான். அதைச் சொல்லும்போது மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டான்.

அகல்யாவின் திட்டமே வேறு. அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படிக்கலாம், ஃபீஸ் கொஞ்சம்தான். கேம் செய்யும் மென்பொருள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படித்துக்கொண்டே நாலு கேம் செய்து வைத்தால் கம்பெனிக்காரர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். இதை ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் சாப்பாட்டுத் தட்டு வைத்தாலே இந்தச் சண்டைதான்.

"ஓசியில படிச்சவளுக்கு எவன்ட்டி வேலை குடுப்பான்?" என்றார் ரத்தினவேல், பல் தெரிய.

"அதுக்காக உங்க பி.எஃப். பணத்தை மொத்தமா எடுப்பீங்களா? ரிட்டயர் ஆனப்புறம் நீங்களும் அம்மாவும் என்ன பண்ணுவீங்க?"

அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். செக் புத்தகம் பத்திரமாக இருந்தது.

ஜெயந்த் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எங்கள் மாணவர் ஒருவர் செய்த கேமைக் காட்டட்டுமா என்று இந்தியில் கேட்டான். டேப்லெட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தான்.

திரையில், கரோல் பாக் சந்துகளில் ஒரு ஸ்கூட்டர் ஓடியது. பின்சீட்டில் ஒரு தூக்குவாளி நிறைய இட்லி மாவு. குழி, மாடு, இ-ரிக்ஷா எல்லாவற்றையும் தாண்டி, மாவு சிந்தாமல் போய்ச் சேர வேண்டும். வெயிலில் அதிக நேரம் நின்றால் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிடும்.

அகல்யா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். மே மாதம் அவர்கள் வீட்டுச் சமையல் மேடையில் தினமும் நடப்பதுதான் அது. ஜெயந்த் தலைகீழாகத் தெரிந்த திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, விரல்கள் பாட்டுக்கு ஸ்கூட்டரை ஓட்டின. தினம் பத்துப் பேருக்குக் காட்டினால் பழகாதா என்று ரத்தினவேல் நினைத்துக்கொண்டார்.

இதைச் செய்த பிள்ளை இப்போது எங்கே என்று அவர் இந்தியில் கேட்டார்.

அந்தச் சமயம் பார்த்து மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து வந்து ஜெயந்தின் பின்னால் நின்றார். நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு அவரே பதில் சொன்னார். அந்தப் பையன்தான் அந்த வருடத்தில் முதல் மாணவன், படிப்பு முடிந்த அன்றே வேலை கிடைத்துவிட்டது, அவனை நினைத்தால் எங்களுக்குப் பெருமை என்றார். ஜெயந்த் டேப்லெட்டை மெல்ல மூடினான்.

"கேட்டியா? முடிச்ச அன்னைக்கே வேலை," என்றார் ரத்தினவேல்.

இனி பேசிப் பயனில்லை என்று அகல்யாவுக்குத் தெரிந்துவிட்டது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யாருக்காக இவ்வளவும் செய்கிறோம், இவளுக்குப் புரிகிறதா என்று ரத்தினவேலுக்கும் எரிச்சல்தான். எரிச்சலோடேயே செக்கில் கையெழுத்துப் போட்டு மேஜையில் நகர்த்தினார். மேனேஜரின் கண் அதன்மேலேயே இருந்தது.

ஜெயந்த் செக்கை எடுத்துப் பார்த்தான். ஏதோ திருத்தம் சொல்வதுபோல் பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டுக்காட்டி, மறுபடி அவர் பக்கமே நகர்த்தினான். முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"செக்கை உள்ள வைங்க அங்கிள். சிரிச்ச முகமாவே வைங்க, பின்னால நிக்கிறவருக்குத் தமிழ் தெரியாது."

ரத்தினவேலின் கை அப்படியே நின்றது.

"அந்த மாவு கேம் பண்ணது நான்தான்."

பழக்கம் விடவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"அப்ப, முடிச்ச அன்னைக்கே கிடைச்ச வேலை?"

"இந்த நாற்காலிதான்."