கரி உலை ஒன்று

பூமியைக் காப்பாற்றும் பணி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மன்னாரில் ஆரம்பமாகியது.

ஆரம்பித்தவர் பிரதீபன், உதவி நிறுவனமொன்றின் வாழ்வாதார அலுவலர். எதிர்க் கதிரையில் இருந்தவர் யாகப்பர், அடம்பன் கிராமத்துக் கொல்லர். இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பியவருக்குக் காணி கிடைத்துவிட்டது. உலை இன்னும் இல்லை. இருபது நாளில் நெல் அரிவு வெட்டு. ஊரே அவரிடம் அரிவாளுக்குச் சொல்லிவைத்திருந்தது.

விண்ணப்பத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்: கரி உலை ஒன்று, துருத்தியோடு.

“அதுதான் ஐயா பிரச்சினை.”

நிறுவனத்துக்குப் பணம் தரும் நாடு புதிதாக ஒரு முடிவு எடுத்திருந்தது. பிரதீபன் சுவரிலிருந்த சுற்றறிக்கையைக் கழற்றினார். தேவாலயப் பூசையில் முதலாம் வாசகம் வாசிப்பவர்போல எழுந்து நின்றார்.

“வெளிநாடுகளில் அமையும் கரி உலைகளுக்கு இனிமேல் எமது அரச நிதி வழங்கப்படமாட்டாது.”

யாகப்பர் கதிரையில் முன்னே நகர்ந்தார்.

“அடம்பன் எப்ப தம்பி வெளிநாடாப் போனது?”

“அவையளுக்கு நீங்கள் வெளிநாடுதானே.”

“முகாமில இருக்கேக்க இலங்கைக்காரன் எண்டாங்கள். இப்ப சொந்தக் காணியில இருந்தும் வெளிநாடோ?”

பிரதீபன் பொறுமையாக விளக்கினார். அவர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர்.

“உங்கட உலைப் புகையாலதான் துருவத்தில ஐஸ் உருகுதாம், ஐயா.”

“என்ர உலையில இரும்பே உருகாது தம்பி. சிவக்கும், அவ்வளவுதான்.”

“கரி இல்லாத தொழில் ஒண்டு சொல்லுங்கோ, இண்டைக்கே எழுதுறன். கோழி வளர்க்கிறியளோ?”

யாகப்பர் சுற்றறிக்கையைப் பார்த்தார். அதன் கீழ் முத்திரை இருந்தது. முத்திரையோடு வாதாடி வென்றவர் எவரையும் அவர் இரண்டு நாட்டிலும் கண்டதில்லை.

ஒப்பமிட்டார். இருபத்தைந்து குஞ்சுகள், ஒரு கூடு.

“இதுகளை வயலில விட்டா நெல்லு அரியுமோ தம்பி?”

பிரதீபன் அதை எழுதிக்கொள்ளவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை.

சுற்றறிக்கையின் ஆங்கில மூலத்தில் ‘கரி உலைகள்’ என்ற இடத்தில் இருந்தவை நிலக்கரி மின்நிலையங்கள். தமிழாக்கியவர் பிரதீபன்; ஒரு பக்கத்துக்குள் அடக்கும்படி அவரிடம் சொல்லியிருந்தார்கள்.