மூணாம் நம்பர் கேமரா

"எவனோ என் கேமராவக் கள்ளத்தனமாப் பாக்குறான் தம்பி. தெனமும் காலையானா படம் அப்படியே நின்னு போகுது. ஆளக் கண்டுபிடிச்சு, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டு."

கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருந்த பாண்டீஸ்வரன் பொரிந்து தள்ளினார். கடைகளுக்கு நெட் கேமரா வந்த புதுசு அது.

மெக்கானிக் திலீபன் லேப்டாப்பை விரித்து, மண்டி லைனில் என்னென்ன ஓடுகிறது என்று தேடினான். மூன்று கேமரா. ஒன்றுக்கும் பாஸ்வேர்டு இல்லை. அதிலும் மூன்றாவது, குடோனைப் பார்க்காமல் எதிரே பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது திரும்பிருக்கு முதலாளி. நேராக்கிரவா?"

"அதத் தொடாத" என்றார் வெடுக்கென்று.

சரியான சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொண்டான். மேலும் தேடியதில் வெளியாள் யாரும் இல்லை. அந்த மூன்றாவது கேமராவை இரண்டு கம்ப்யூட்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று முதலாளி மேஜையில். இன்னொன்று மாடியில், அவர் வீட்டில்.

"மேல ஒயரப் பாத்துட்டு வாரேன்" என்று படியேறினான்.

மகனின் கம்ப்யூட்டர் முன்னால் முதலாளியின் மனைவி அக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். திரையில் பஸ் ஸ்டாப். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண். படம் உறைந்து நின்றது.

"பூட்டத்தான வந்திருக்க?" என்றாள் அக்கம்மாள். "அது எம் மக தம்பி, முனீஸ்வரி. இஷ்டப்பட்டவனக் கட்டிக்கிட்டா. அவ மூஞ்சியில யாரும் முழிக்கக் கூடாதுன்னு அவ அப்பா சொல்லிட்டாக. தெனமும் காலையில காமயகவுண்டன்பட்டி பஸ்ஸுல வந்து இங்கனதான் எறங்குவா. வாசல்ல போயி நின்னா அவுக பாத்துருவாக."

முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

"பிள்ளையத் தூக்கக்கூட வேணாம், பாத்தாப் போதும். அது இந்தப் பக்கம் திரும்புற நேரமாப் பாத்துப் படம் நின்னுருது. பூட்டிராத தம்பி."

திலீபன் தலையாட்டிவிட்டுக் கீழே வந்தான்.

"ஆளு அம்புட்டானா?"

"வெளியாளு யாரும் இல்ல முதலாளி. லைனுதான் வீக்கு. ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல பாத்தா நின்னுருது."

"ரெண்டு எடத்துலயா?"

பாண்டீஸ்வரன் மாடிப்படியைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கடுகடுப்பு மெல்ல இறங்கியது. பிறகு தன் மேஜைத் திரையைப் பார்த்தார். அதிலும் பிள்ளையின் பாதி முகம்தான் நின்றுகொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"மூணாவது கேமரா எனக்கு வராதபடி பூட்டிரு தம்பி. நான் சொன்னேன்னு மேல சொல்லிக்கிராத."

"முதலாளி..."

"எம் பேத்திய அவளாவது முழுசாப் பாக்கட்டும்."