மூலை உடைந்த தகடு

இதை எனக்கு முதலில் சொன்னது பெரியவரின் மனைவி. போன வாரம், பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து, மழை விடட்டும் என்று நாங்கள் இருவரும் வாசலில் நின்றபோது சொன்னாள்.

பெரியவரும் சின்னவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் ஒருவர், தங்கையைக் கட்டியவர் ஒருவர். இருவரிடமும் ஒரே வருஷத்து, ஒரே மாதிரிப் பழைய அமெரிக்கக் கார்.

சின்னவர் வண்டியை யாராவது புகழ்ந்தால் பெரியவருக்குச் சோறு இறங்காது.

"அந்த வண்டியைப் பார்க்கிற கண்ணால என்னை ஒரு தடவை பார்த்திருந்தா, நான் எப்பவோ அழகாயிருப்பேன்" என்பாள் மனைவி.

வருஷா வருஷம் பழைய கார்களுக்கு ஒரு கண்காட்சி. எஞ்சினில் எல்லாமே அசல் என்று தேறும் வண்டிக்குப் பட்டயம். போன முறை சின்னவர் வாங்கினார். பெரியவர் வண்டி கார்புரேட்டர் விரிசல் விட்டுப் போட்டிக்கே போகவில்லை. பிறகு மெக்கானிக் எங்கிருந்தோ ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தார்.

இந்த வருஷம் பரிசோதகர் சின்னவர் வண்டியின் பானட்டைத் திறந்ததும், பெரியவரும் ஒட்டி நின்று எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

கார்புரேட்டர் மேல் ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருக்கும். அசலா நகலா என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள்.

"சார், அந்தத் தகட்டைப் பாருங்க. போன வருஷம் இருந்தது இது இல்ல. அதுல வலது மூலை உடைஞ்சிருக்கும், பக்கத்துல ஒரு கீறல் இருக்கும்."

"இவ்வளவு ஞாபகமா?"

"என் சகலை வண்டியாச்சே. மனப்பாடம்."

பரிசோதகர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "நகல்தான். அசல் எங்கே?"

சின்னவர் தலையைச் சொறிந்தார். "சொல்லத்தான் வாயெடுத்தேன் சார், அண்ணன் முந்திக்கிட்டார். அது கைமாறிப் போச்சு."

"அசலை யாராவது கைவிடுவாங்களா?"

"விட்டாச்சு. அடுத்த வண்டியைப் பாருங்க சார்."

பெரியவர் தன் மனைவியின் காதில், "நல்ல விலை வந்திருக்கும், தள்ளிவிட்டிருப்பான்" என்றார். நெஞ்சு குளிர்ந்திருந்தது.

அடுத்தது அவர் வண்டி.

"சிலிண்டர் ஹெட் அசல். தண்ணி பம்ப் அசல். கார்புரேட்டர்..." பரிசோதகர் குனிந்தார். "இதுவும் அசல். தகட்டுல வலது மூலை..."

பாதியில் நிறுத்திவிட்டுப் பெரியவரைப் பார்த்தார்.

பெரியவர் குனிந்தார். மாட்டிய நாளிலிருந்து அதை அவர் ஒருமுறைகூட உற்றுப் பார்த்ததில்லை. அவர் கண்ணெல்லாம் அடுத்த வண்டியில்தானே இருந்தது.

உடைந்த மூலை. பக்கத்தில் கீறல்.

முதலில் கைதட்டியது சின்னவர்தான். "எனக்கு அப்பவே தெரியும்ணே, இந்த வருஷம் உங்க வண்டிதான்."

பெரியவர் பட்டயத்தை வீட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறாராம். தினமும் சின்னவர் வீட்டு வாசல்வரை போகிறார், திரும்பி வந்துவிடுகிறார். வாய் வரவில்லையாம்.

இன்று நீங்கள் பிரார்த்தனை செய்யும்போது, அவருக்காகவும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.