துண்டுக்கடியில்

செங்கோடனின் முதுகெலும்பில் புற்று இறங்கி மூன்று மாதமாகிறது.

"வலி பத்துக்கு எவ்வளவுங்க ஐயா?" என்றாள் வீடு தேடி வந்த நர்ஸ்.

"ரெண்டு."

கட்டிலோரம் அவர் மனைவி நாச்சாயி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுக்கா இப்படி வேர்க்குது? நெசத்தைச் சொன்னாத்தானே மார்பின் மாத்திரையைக் கூட்ட முடியும்?" என்றாள் நர்ஸ்.

"நாலு பேரு காதுல விழுகற மாதிரி எந்தக் கிறுக்கன் நெசத்தச் சொல்லுவான் அம்மிணி?"

நாற்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் சொல்வார். இப்போதும் தோள் துண்டை இழுத்து நர்ஸின் கையை மூடினார். உள்ளே அவளது ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். மறுபடி ஐந்து. அதோடு பத்து முடிந்தது. ஆனாலும் மூன்றாம் முறையும் ஐந்தையும் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை. நர்ஸும் கையை உருவவில்லை.

"ரெண்டுதானுங்க அம்மா," என்றாள் உரக்க.

தரகன் பெண்டாட்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுதானே," என்று கஞ்சிக் கரண்டியை அவர் வாயருகே கொண்டுபோனாள். பாதிக் கஞ்சி பாயில் சிந்தியது.